பத்துக்கு ஒரு டம்ளர்

என் வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மூன்று பேரும் நலம். என் இடது முழங்காலை மட்டும் இதில் சேர்க்காதே, அது தனிக்கட்சி ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. நீ நலமா என்று கேட்க எனக்குத் தடை உத்தரவு இருப்பதால், நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று நானே எழுதி நானே படித்துக்கொள்கிறேன். சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உன் தம்பி சிரிக்கிறான். போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் நீ ஒரு "ம்" கொட்டுவாய், அந்த "ம்" காதில் விழுந்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், கோபம் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. ஐந்து வாரத்துக்கு முன்னால் அப்படித்தானே ஆனது. தினமும் மதியம் உன் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிடுவேன், நீயும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சொல்லிவிட்டாய். "அம்மா, நீ சாப்பிட்டியா தூங்குனியான்னு தினம் கேக்குறப்ப எனக்கு நான் ஒரு பேஷண்ட் மாதிரியே இருக்கும்மா. கொஞ்ச நாள் என்னை விட்டுடு." நீ மெதுவாகத்தான் சொன்னாய். நான்தான், "சரி, உன்னைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு, எப்படியோ போ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த கையோடு அழுதேன், அது உனக்குத் தெரியாது. அதற்கப்புறம் நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. உன் தம்பியிடம் நீ பேசுகிறாய் என்பது தெரியும். அவன் மாடிப்படியில் நின்று பேசுவான், நான் சமையலறையில் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை எடுத்திருக்கிறார், பதினெட்டு வகுப்பறை. அறுபத்து மூன்று வயதில் ஏணியில் ஏற வேண்டாம் என்றால், ஏணி என்னைவிட மூத்தது, அதுவே ஒன்றும் சொல்லவில்லை, உனக்கென்ன என்கிறார். மறதி முன்பைவிட அதிகம். போன வாரம் சாப்பாட்டு டப்பா என்று நினைத்து ஆணி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியம் திறந்து பார்த்திருக்கிறார், உள்ளே முழுக்க ஆணி. நான் ஏதோ கோபத்தில் ஆணியைக் கட்டிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துப் பேசாமல் கடையில் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு வந்து, மாலையில் என்னிடம் மிகவும் பணிவாக நடந்துகொண்டார். காரணம் தெரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. உன் தம்பிக்கு டயர் கடையில் சூப்பர்வைசர் வேலை கொடுத்திருக்கிறார்கள், அதற்காக மீசை வளர்க்கிறான், இதுவரை வளர்ந்ததை மீசை என்று அவன்தான் சொல்கிறான். எதிர்வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. தண்ணீர் தொட்டி ஒழுகுகிறது. இல்லை, ஒழுகியது, இப்போது சரியாகிவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சுற்றி வளைத்தது போதும். உன் செடியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், அதை எழுத முடியாமல்தான் பூனை வரைக்கும் போய்விட்டேன். வாலு, நீ கிளம்பும்போது தோட்டத்துச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டுப் போனாயே ஐந்து தொட்டி பத்துமணிப்பூ, அதில் மூன்று தொட்டி செத்துவிட்டது. சிவப்பு போனது, ஆரஞ்சு போனது, வெள்ளையில் சிவப்பு தெறித்த அந்தப் பூவும் போனது. மாப்பிள்ளை கொண்டுவந்தது. கல்யாணமான புதிதில் அவர் ஆபீஸ் வாசலிலிருந்து ஒரு குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து உங்கள் பால்கனியில் நட்டாரே, அது பூத்ததும், "மாமா பெயிண்ட் பிரஷ்ஷை உதறினதுதான் இது" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாரே, அந்தச் செடி. டாக்ஸியில் ஏறிய பிறகும் கண்ணாடியை இறக்கி, அம்மா அந்தக் கடைசித் தொட்டியை மட்டும் பார்த்துக்கோ என்றாய். நான் பார்த்துக்கொண்டேன். அதுதான் அதற்கு வந்த கேடு.

என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். நீ அந்தத் தொட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாய். "10க்கு 1 டம்ளர். வெயில் முக்கியம்." அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் வார்டில் சீட்டுப் பார்த்து மருந்து கொடுத்தவள் நான். பூவின் பெயரே பத்துமணிப்பூ, பத்து மணிக்குத்தான் கண்ணைத் திறக்கிறது, அப்படியென்றால் பத்து மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு அட்டை மாட்டினேன். தினமும் பத்து மணிக்கு ஐந்து தொட்டிக்கும் ஐந்து டம்ளர், ஊற்றியதும் அட்டையில் ஒரு டிக். ஒரு நாள் தவறவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்குக்கூட உன் தம்பியை எழுப்பி ஊற்ற வைத்தேன். முதல் இரண்டு வாரம் ஜோராக இருந்தது. அப்புறம் தண்டெல்லாம் அடியிலிருந்து பழுப்பாகிக் கண்ணாடி மாதிரி ஆனது, தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. மொட்டு விட்டது, விரியாமலே உதிர்ந்தது. வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நிழலுக்கு நகர்த்தினேன். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கினேன். சாயங்காலமும் ஒரு டம்ளர் கூட்டினேன். டீத்தூள் போட்டேன், முட்டை ஓடு போட்டேன். என்னவெல்லாம் செய்யக் கூடாதோ அத்தனையும் பட்டியல் போட்டுச் செய்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, இது தோட்டமா ஐசியுவா என்று கேட்டார், சும்மா இருங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

உன்னோடு சண்டை போட்ட மறுவாரம் தாங்க முடியாமல் அந்தத் தொட்டியைக் கட்டைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர் என் வயதுதான் இருப்பார், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மண்ணில் விரலை விட்டார், விரல் முழுசாக உள்ளே போனது. எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊற்றுகிறீர்கள் என்றார். நான் பெருமையாக, தினமும், ஒரு நாள் தவறியதில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வார்டில் பெரிய டாக்டர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. இது தன் இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிற செடி, வெயில் எவ்வளவு அடித்தாலும் குடித்துக்கொள்ளும், தண்ணீர்தான் ஆகாது என்றார். "பத்து நாளைக்கு ஒரு டம்ளர் ஊத்தினாலே இதுக்கு அதிகம்மா" என்றார். பத்து நாளைக்கு ஒரு டம்ளர். தொட்டியிலிருந்து உரித்து வைத்த உன் சீட்டு பர்ஸில் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். அங்கேயே ஒரு காலித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தினம் ஒன்று, வாரம் ஒன்று, இதை மாற்றிப் படித்த புது நர்ஸ் பெண்களை நான் எத்தனை பேரை நிற்க வைத்துத் திட்டியிருப்பேன், இரண்டு பேர் அழுதுகூட இருக்கிறார்கள். நீயும் நீதான், நாள் என்று இரண்டே எழுத்து, அதில் போய்ச் சிக்கனம் பிடித்தாயே. போகட்டும், சீட்டில் சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா. எனக்குச் சந்தேகமே வரவில்லை, அதுதான் தப்பு. அவர் நல்ல மனிதர், திட்டவில்லை. அழுகாத நுனிகளை மட்டும் வெட்டி, இரண்டு நாள் நிழலில் காயப்போட்டு, பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணில் குத்திவைத்து மறந்துவிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். மஞ்சளும் ரோஸும் பிழைத்தன. மாப்பிள்ளை செடியில் வெட்டுவதற்கு ஒரு நல்ல நுனிகூட மிஞ்சவில்லை.

அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வரும்போது ஒன்றை யோசித்தேன், அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் நான் பக்கத்திலேயே இருந்தேன் அல்லவா. எல்லாம் நேரத்துக்கு நேரம் கொடுத்தேன். ஒரு வேளை, ஒரு நிமிடம் பிந்தவில்லை. அப்படியும் அவர் போய்விட்டார். எங்கேயோ எதையோ குறைத்துவிட்டேன் என்றுதான் இந்தப் பதினான்கு மாதமும் என் மனசுக்குள் ஒரு நினைப்பு. யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடமும் இல்லை. அதனால்தான் உன்னிடம் எதையும் குறைக்கக் கூடாது என்று விழுந்து விழுந்து கூப்பிட்டேன். நீ துக்கத்தைத் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவ்வளவு தூரம் போயிருக்கிறாய், நான் தினம் ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறேன். நீ பேஷண்ட் மாதிரி இருக்கிறது என்றாயே, உண்மைதான். அங்கே பேஷண்ட் நான்தான் வாலு, மருந்து மட்டும் உனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதி உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலு வாரமாகத் தாளை எடுப்பேன், செடி செத்துவிட்டது என்ற வரியை எழுத வராமல் வைத்துவிடுவேன். இப்போது எழுத முடிந்ததற்குக் காரணம் தண்ணீர் தொட்டி. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை குழாய் ரிப்பேர் செய்கிறவர் வந்து மொட்டை மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து குரல் கொடுத்தார். "அக்கா, இந்தப் பூ டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கட்டுமா? கால் வைக்க இடம் இல்ல." எந்தப் பூ டப்பா, நம் மாடியில் ஏது பூ என்று நினைத்தேன். முழங்கால் சம்மதிக்காது என்று ஏழெட்டு மாதமாக நான் மேலே போனதே இல்லை, துணி காயப்போடுவதுகூட உன் தம்பிதான். அன்றைக்குப் பதினேழு படியையும் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏறினேன். தண்ணீர் தொட்டிக்குப் பின்னால், சுவர் திரும்புகிற இடத்தில், அப்பாவின் பழைய பெயிண்ட் டப்பா ஒன்று. அடி துருப்பிடித்து ஓட்டை, உள்ளே பூச்சு வேலைக்கு வாங்கி மிஞ்சிய மணலும் கொஞ்சம் மண்ணும். அதில் டப்பாவே தெரியாத அளவுக்கு வழிந்து தொங்குகிறது. வெள்ளையில் சிவப்பு தெறித்த பூ. பதினொரு பூ எண்ணினேன். மணி பத்தேகால்.

குழாய்க்காரர் பயந்துவிட்டார், என்னக்கா, முட்டி வலிக்கிறதா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அழுதேன். அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா, கை தானாக மக்கைத் தேடியது. பக்கத்தில் அவர் வாளியில் தண்ணீர் வைத்திருந்தார், மொண்டும்விட்டேன். டப்பாவுக்கு மேலே மக்கோடு போன கையை எப்படி நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீரைத் திரும்ப வாளியிலேயே ஊற்றினேன். என் சர்வீஸில் இதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும் கேட்டேன். மனிதர் முகத்தில் பெயிண்டோடு திருதிருவென்று விழிக்கிறார். நீ போன முதல் வாரமே, சைக்கிளை எடுக்கும்போது பெடல் பட்டு அந்தக் கடைசித் தொட்டியில் ஒரு விரல் நீளக் கொம்பு ஒடிந்திருக்கிறது. ஹெட் நர்ஸ் பார்த்தால் தொலைந்தோம் என்று அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடி, கைக்குக் கிடைத்த டப்பாவில் குத்திவிட்டு வந்திருக்கிறார். நாளைக்குப் போய்ப் பார்த்துத் தண்ணீர் ஊற்றலாம் என்று நினைத்திருக்கிறார். மறந்துவிட்டார். நாலு மாதம். நடுவில் ஒரு தடவை பிரஷ் கழுவிய தண்ணீரை அந்தப் பக்கம் வீசியதாக ஞாபகம் என்கிறார், ஒன்றிரண்டு மழையும் பெய்தது, அவ்வளவுதான் அது குடித்தது. கீழே அது செத்துக்கொண்டிருக்கும்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். மறந்தே போனேன் என்றால் நம்பு என்று தலையில் அடித்துக்கொண்டார். முப்பத்தேழு வருடமாக இந்த மனிதரின் மறதியை நான் பேசாத பேச்சில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அதைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. கும்பிடவில்லை, தலைக்கு ஏறிவிடும். டப்பாவைக் கீழே கொண்டுவந்து நல்ல தொட்டிக்கு மாற்றட்டுமா, மாடியில் வெயில் கொளுத்துகிறதே என்று கேட்டேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "அது இருக்கிற எடத்துல நல்லாத்தான் இருக்கு. அப்படியே விடு" என்றார். செடியைத்தான் சொன்னார். எனக்கு உன்னைச் சொன்ன மாதிரி இருந்தது.

அதனால் அது மாடியிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து மணிக்கு ஏறிப் போய்ப் பார்க்கிறேன், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. மேகம் போட்ட அன்றைக்கு அது திறப்பதில்லை, நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார் என்பது போல மூடிக்கொண்டிருக்கிறது, நானும் சரி என்று இறங்கிவிடுகிறேன். விதை முற்றியிருந்தது, வெடித்துச் சிதறுவதற்குள் கொஞ்சம் எடுத்தேன், கறுப்பாக, பொடி மருந்தைவிடச் சன்னமாக இருக்கிறது. காகிதத்தை மடித்து அந்தக் காலத்து மருந்துப் பொட்டலம் போலக் கட்டி, என் பழைய வாட்சும் நர்ஸ் பேட்ஜும் இருக்கிற டப்பாவில் வைத்திருக்கிறேன். உனக்கு அனுப்பலாமா என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டேன். அது பத்திரமாக இருக்கும். நீ கேட்கிறபோது தருகிறேன், எப்போது வந்து கேட்பாய் என்று நான் கேட்கப் போவதில்லை. உன் பாலம் வரைகிற ஆபீஸில் உனக்கு ஜன்னல் பக்கத்து மேசை கிடைத்திருப்பதாக மாடிப்படிச் செய்தி வந்தது. அதைக் கேட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

நான் சொன்ன அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இவ்வளவு எழுதிய பிறகு பார்த்தால், வாங்க வேண்டாம், கொஞ்சம் திருத்தினால் போதும் என்று படுகிறது. உன்னைத் தண்ணி தெளித்துத்தான் விட்டிருக்கிறேன் வாலு. கை கழுவுகிறேன் என்று நினைத்துக் கோபத்தில் சொன்னேன், சில செடியை அப்படித்தான் வளர்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அங்கே உனக்கு வெயில் இருக்கிறது, உன் இலையில் தண்ணீரும் இருக்கிறது, அதில் ஆறு வருடம் மாப்பிள்ளை சேர்த்துக் கொடுத்ததும் இருக்கும். நீ அழ வேண்டியதை அழு, சிரிப்பு வந்தால் சிரி, இரண்டுக்கும் என்னிடம் அனுமதிச் சீட்டு வேண்டாம். நீ நீடூழி நன்றாக இருப்பாய். இதை ஆசீர்வாதமாக மட்டும் சொல்லவில்லை, அந்த டப்பாவைப் பார்த்த தைரியத்தில் சொல்கிறேன். அப்பாவும் என்னைக் கூப்பிட்டுத் தன் பங்குக்கு ஆசி சொல்லச் சொன்னார், சொன்ன மறுநிமிடம் எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்டார்.

ஒரே ஒரு ஞாபகம். பதில் எழுத வேண்டும் என்று இல்லை. மனசு வந்தால், வந்தால் மட்டும், ஒரு டம்ளர் அளவுக்கு ஒரு வரி. பத்துக்கு ஒன்று. நாள் கணக்குத்தான், மணிக் கணக்கு இல்லை.

சீட்டை இப்போது சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்ட
உன் அம்மா